ஜிப், தையல் மெஷின், டயர், ஸ்குரூ: காப்புரிமை எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது?

கேள்வி இது: "ஜிப், தையல் மெஷின், பால்பாயின்ட் பேனா, ஸ்டார் ஸ்குரூ எல்லாவற்றுக்கும் ஒருகாலத்தில் காப்புரிமை இருந்தது என்கிறார்கள். இவ்வளவு சாதாரணப் பொருளில் காப்புரிமை தரும் அளவுக்கு அப்படி என்ன இருக்கிறது? பழைய காப்புரிமை ஆவணத்தை எடுத்தால் ஒரே வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடுகிறது. அதை எப்படிப் படித்துப் புரிந்துகொள்வது?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். காப்புரிமை யோசனைக்குக் கிடைப்பதில்லை. "துணியின் இரண்டு ஓரங்களையும் ஒரே இழுப்பில் மூட வேண்டும்" என்பது யோசனை; அது யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்து பார்த்தபோது எங்கே பிய்ந்தது, எங்கே சிக்கியது, அதை எந்த உறுப்பின் எந்த வடிவம் சரிசெய்தது என்பதற்குத்தான் காப்புரிமை. அதனால்தான் இயந்திரப் பொருள்களில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்: கண்டுபிடிப்பாளர் எந்தப் பழுதோடு போராடினாரோ, இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் பொருளும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் மக்கர் பண்ணும். காப்புரிமையைப் படிக்கத் தெரிந்தால் பொருளைப் பழுதுபார்க்கவும் தெரியும். சில பொருள்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஆவணத்தைப் படிக்கும் முறைக்கு வருகிறேன்.

ஜிப்பில் தொடங்கலாம். எலையாஸ் ஹோவ் 1851-லேயே தானாக மூடும் உடை இணைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. 1893-ல் விட்கம்ப் ஜட்சன், காலணிகளுக்காக, வரிசையாக நின்ற கொக்கிகளையும் கண்ணிகளையும் ஒரு நகரும் வழிகாட்டியால் பூட்டும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். யோசனை சரி, பொருள் சரியில்லை. கொக்கியும் கண்ணியும் இடைவெளி விட்டு நின்றதால், துணி வளைந்தால் பட்டென்று அவிழ்ந்தது. ஜட்சனின் நிறுவனத்தில் சேர்ந்த ஸ்வீடன் பொறியாளர் கிடியன் சுண்ட்பேக் 1913-ல் கொக்கியையே தூக்கிப்போட்டார். இரண்டு நாடாக்களிலும் ஒரே மாதிரியான பற்கள். ஒவ்வொரு பல்லின் ஒரு முகத்தில் சிறு மேடு, மறு முகத்தில் அதே அளவு குழி. ஒரு அங்குலத்துக்கு நான்காக இருந்த பிடிப்புகள் பத்து, பதினொன்றாகப் பெருகின. அமெரிக்கக் காப்புரிமை எண் 12,19,881 அவருக்கு 1917-ல் கிடைத்தது.

அவர் கண்டுபிடித்தது பல்லை அல்ல, பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் என்று சொல்வேன். ஜிப்பின் ஒரு பக்க நாடாவைக் கையில் எடுத்து நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கும் சந்து, எதிர்ப்பக்கப் பல்லின் மேடு நுழையப் போதாது. அதே நாடாவை வெளிப்பக்கமாக வளைத்தால் பற்களின் நுனிகள் விசிறிபோல் விரிகின்றன. இப்போது மேடு நுழையும். ரன்னருக்குள் (ஜிப்பில் நாம் இழுத்து ஓட்டும் உறுப்பு) இருக்கும் ஒய் வடிவப் பாதை செய்வது இதைத்தான்: இரண்டு வரிசைகளையும் வளைத்து, விரித்து, ஒன்றுக்குள் ஒன்று விட்டு, வெளியே வரும்போது நிமிர்த்திவிடுகிறது. நிமிர்ந்த பிறகு மேடு வெளியே வர வழியில்லை. திறக்கும்போது ரன்னரின் நடுவில் இருக்கும் ஆப்பு அதே வளைவைத் திரும்பக் கொடுத்துப் பிரிக்கிறது. பூட்டு என்று தனியாக எதுவும் இல்லை. வளைவும் நேரும் மாறி மாறி வருவதுதான் பூட்டு.

இது புரிந்தால் பழுது தானாகப் புரியும். ரன்னர் ஏறிப் போகிறது, பின்னால் பற்கள் திறந்துகொண்டே வருகின்றன என்றால் குறை பல்லில் இல்லை. ரன்னரின் மேல் தகடும் கீழ்த் தகடும் தேய்ந்தோ நெளிந்தோ அகன்றுவிட்டன. பற்களை ஒன்றுக்குள் ஒன்று அழுத்த அதற்குப் பிடி இல்லை. ரன்னரை ஜிப்பின் திறந்த கோடிக்குக் கொண்டுவாருங்கள். பிளையரால் ரன்னரின் பின்பக்க விளிம்பை, அதாவது இரண்டு வரிசையும் ஒன்றாகி வெளியே வரும் பக்கத்தை, இடது வலது இரண்டிலும் ஒரே அளவாக மெதுவாக அழுத்துங்கள். ஒரு அழுத்தத்துக்குக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு நெளிந்தால் போதும். ஓட்டிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு முறை. ஆப்பு இருக்கும் முன்பக்கத்தை அழுத்தக் கூடாது. அழுத்தினால் பற்கள் உள்ளே நுழையவே முடியாமல் இறுகிவிடும். பின்பக்கம் அதிகமாக இறுகிவிட்டால் தட்டை ஸ்குரூ டிரைவர் நுனியால் சற்று நெம்பித் தளர்த்தலாம். பித்தளை ரன்னர் இதைத் தாங்கும். துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே சாயம் பூசிய ரன்னர் நெளிவதற்குப் பதில் விரிசல் விடும். அதற்கு மாற்று ரன்னர்தான் வழி. ரன்னரின் பின்புறம் 3, 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். அதே எண்ணும் அதே வகையும் வாங்க வேண்டும்: உலோகப் பல், வார்த்த பிளாஸ்டிக் பல், நைலான் சுருள் மூன்றுக்கும் ரன்னர் வேறு.

நைலான் சுருள் ஜிப்பில் தனித்தனிப் பல் கிடையாது; ஒரே இழை சுருளாக ஓடுகிறது. நடுவில் பிளந்துகொண்டால் ரன்னரைத் தொடக்கத்துக்கு இழுத்துத் திரும்ப ஓட்டினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். உலோக ஜிப்பில் நடுவில் ஒரு பல் விழுந்தால் அந்த வசதி இல்லை. தானாகக் கீழே இறங்கும் கால்சட்டை ஜிப்பில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கைப்பிடியை மடக்கி வைத்தால் ரன்னருக்குள்ளிருந்து ஒரு சிறு முள் பற்களுக்கு நடுவே இறங்கிப் பிடிக்கும். அந்த முள் தேய்ந்திருக்கும்.

சுண்ட்பேக்கின் இன்னொரு வேலையைப் பலரும் கவனிப்பதில்லை. அந்தப் பல்லைச் செய்யும் மெஷினையும் அவரே வடிவமைத்தார். ஒய் வடிவக் குறுக்குவெட்டு கொண்ட கம்பியை உள்ளே கொடுத்தால், அதை நறுக்கி, மேடும் குழியும் குத்தி, நாடாவில் இறுக்கிக்கொண்டே போகும். கழிவு உலோகமே கிடையாது. பொருளுக்கு ஒரு காப்புரிமை, அதைச் செய்யும் முறைக்கு இன்னொன்று. பல நேரங்களில் இரண்டாவதுதான் தொழிலைக் காப்பாற்றும். பொருளைப் பார்த்து யாரும் பிரதி எடுக்கலாம், கட்டுப்படியாகும் விலையில் செய்ய முடியாவிட்டால் அந்தப் பிரதிக்குப் பயனில்லை.

தையல் மெஷின் இதைவிட ஆழமானது. கைத்தையலில் ஊசியின் கண் பின்னால் இருப்பதால், முழு ஊசியும் முழு நூலும் துணியைத் துளைத்து மறுபக்கம் போய் வர வேண்டும். அந்தக் கையசைவை மெஷினால் அப்படியே செய்யப் பார்த்தவர்கள் தோற்றார்கள். கண்ணை முனைக்குக் கொண்டுவந்ததும் கணக்கே மாறியது: ஊசி மறுபக்கம் போய்விட வேண்டியதில்லை, ஒரு வளையத்தை மட்டும் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினால் போதும். அந்த வளையத்துக்குள் இரண்டாவது நூல் நுழைந்தால் முடிச்சு. வால்டர் ஹண்ட் 1830-களில் இதைச் செய்துவிட்டார், ஆனால் அப்போது காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. ஜிப் கதையில் பார்த்த அதே எலையாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கினார். பின்னால் வழக்கு வந்தபோது ஹண்டின் பழைய மெஷினைக் காட்டி ஹோவின் உரிமையை உடைக்கப் பார்த்தார்கள். ஹண்ட் அத்தனை ஆண்டுகள் சும்மா இருந்ததே அவருக்கு எதிராகப் போனது. இதே ஹண்ட்தான் 1849-ல் ஊக்குக்குக் காப்புரிமை பெற்றவர். ஒரே கம்பியில் ஒரு சுருள், அதுவே ஸ்பிரிங். மறுமுனையில் முள்ளை மறைக்கும் மூடி.

கண் முனையில் இருந்தால் மட்டும் தையல் விழுந்துவிடாது. ஒரு பெரிய தையல் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்புங்கள். ஒரு பக்கம் மேலிருந்து கண் வரை நீளமான பள்ளக் கோடு ஓடும். எதிர்ப்பக்கம் கண்ணுக்குச் சற்று மேலே சிறு குழிவு வெட்டியிருக்கும். ஊசி அடிமட்டம் வரை இறங்கிவிட்டு மேலே வரத் தொடங்கும்போது, பள்ளக் கோட்டுப் பக்க நூல் துணியில் உரசாமல் ஊசியோடு ஏறுகிறது. குழிவுப் பக்க நூலைத் துணி பிடித்துக்கொள்கிறது. ஏற முடியாத அந்த நூல் உப்பி வளையமாகிறது. அந்தக் கணத்தில், ஊசிக்குக் கீழே சுழலும் ஹூக்கின் கூர்முனை குழிவை உரசுவதுபோல் கடந்து, வளையத்தைக் கொத்திக்கொண்டு, கீழ் நூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. முழுச் சுற்று ஹூக் ஒரு தையலுக்கு இரண்டு முறை சுற்றும். ஒரு சுற்றில் வளையம் பிடிக்கும், மறு சுற்று வெறும் சுற்று.

அளவுகள் இங்கே மிக நெருக்கமானவை. ஊசி அடிமட்டத்திலிருந்து சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் ஏறியதும் ஹூக் முனை ஊசியின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். அப்போது முனை, கண்ணின் மேல் விளிம்பிலிருந்து 1 முதல் 2 மில்லிமீட்டர் மேலே நிற்கும். ஊசிக்கும் முனைக்கும் நடுவே இடைவெளி 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு காகிதத்தின் தடிமன். உங்கள் மெஷினின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தையல் விட்டுவிட்டு விழுகிறது என்றால் ஹூக்கைத் தொடுவதற்கு முன் வரிசையாகப் பாருங்கள். ஊசி புதியதா? முனை மழுங்கி இலேசாக வளைந்த ஊசி கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். அதன் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்தால் வளைவு தெரிந்துவிடும். முழுக்க மேலே தள்ளி முடுக்கியிருக்கிறதா? ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றாலே வளையம் உருவாகும் இடம் இறங்கிவிடும், ஹூக் காற்றைக் கொத்தும். குழிவு ஹூக் பக்கம் இருக்கிறதா? திருப்பிப் போட்டால் ஒரு தையலும் விழாது. ஊசியின் எண் நூலுக்கும் துணிக்கும் பொருந்துகிறதா? 90 என்றால் ஊசியின் விட்டம் 0.90 மில்லிமீட்டர். இழுபடும் பின்னல் துணியில் இன்னொரு சிக்கல் உண்டு: ஊசி ஏறும்போது துணியும் ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. துணி நூலைப் பிடித்து வைக்காததால் வளையம் உப்புவதில்லை. இதற்கென்று குழிவை ஆழமாக வெட்டிய ஊசி தனியாகக் கிடைக்கிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விட்டுத் தைத்தால்தான் ஹூக்கின் நேரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் ஊசித் தட்டையும் பாபின் கேஸையும் கழற்றுங்கள். புது ஊசி போட்டுக் கைச்சக்கரத்தை வழக்கமான திசையில் சுற்றி மேலே சொன்ன நிலைக்கு வாருங்கள். முனை ஊசியைத் தாண்டிப் போயிருந்தாலோ இன்னும் வந்து சேராவிட்டாலோ, ஹூக்கைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களைத் தளர்த்தி நகர்த்தி முடுக்க வேண்டும். ஆனால் அதற்கு முன், ஊசியைத் தாங்கி ஏறி இறங்கும் ஊசிக்கம்பியின் உயரத்தைப் பாருங்கள். ஊசி எதிலாவது மோதி உடைந்த பிறகு வந்த கோளாறு என்றால் ஹூக் நகராமல் கம்பிதான் மேலே ஏறியிருக்கக்கூடும். தவறான ஒன்றைத் திருத்தினால் அடுத்த கோளாறை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

துணிக்கு அடியில் நூல் கூடுபோல் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மேல் நூல். அது, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் வட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை. பாதம் இறங்கியிருக்கும்போது வட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாமல் விளிம்பில் நிற்கும். பாதத்தைத் தூக்கிவிட்டு நூலைக் கோர்த்துப் பாருங்கள். பத்தில் எட்டு இடத்தில் இதோடு முடிந்துவிடும்.

ஹோவின் மெஷினில் துணி முட்கள் வைத்த ஒரு தகட்டில் செங்குத்தாகத் தொங்கியது. அந்தத் தகட்டின் நீளத்துக்கு நேர்கோட்டில் மட்டும் தைக்க முடிந்தது, பிறகு துணியைக் கழற்றி மாட்ட வேண்டும். வளைவாகத் தைக்க வழி செய்தது ஆலன் வில்சன் 1854-ல் காப்புரிமை பெற்ற நான்கு அசைவுப் பல். பாதத்துக்குக் கீழே இருக்கும் அந்தப் பல்வரிசை மேலே எழும், துணியைப் பின்னுக்குத் தள்ளும், கீழே இறங்கும், மறைவாகத் திரும்பிவரும். ஊசி துணியை விட்டு வெளியே இருக்கும்போதுதான் தள்ளும். ஆகவே ஒவ்வொரு தையலுக்கும் நடுவில் துணியைத் திருப்ப நேரம் இருக்கிறது. இன்றைய மெஷினிலும் அதே நான்கு அசைவுதான். துணி நகராமல் ஒரே இடத்தில் குத்தினால், அந்தப் பல்லுக்கு அடியில் நமத்த பஞ்சு அடைந்திருக்கும். ஊசித் தட்டைக் கழற்றிச் சிறு தூரிகையால் எடுத்துவிடுங்கள். ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும்.

இங்கேதான் காப்புரிமை பற்றிய பெரிய தவறான புரிதல் ஒன்றைச் சொல்ல வேண்டும். காப்புரிமை உங்களுக்குப் பொருளைச் செய்யும் உரிமையைத் தருவதில்லை. மற்றவர் செய்யாமல் தடுக்கும் உரிமையை மட்டும் தருகிறது. வில்சனிடம் அருமையான பல் இருந்தது, ஆனால் ஹோவின் அனுமதி இல்லாமல் முனையில் கண் உள்ள ஊசியை அவரது மெஷினில் வைக்க முடியாது. ஹோவிடம் ஊசி இருந்தது, மற்றவர்களின் முன்னேற்றங்கள் இல்லாமல் அவரது மெஷின் சந்தையில் நிற்காது. ஒருவரையொருவர் வழக்கில் இழுத்துக் களைத்து, 1856-ல் ஹோவ், சிங்கர், வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர் ஆகிய தையல் மெஷின் தரப்பினர் நால்வரும் உரிமைகளை ஒரே தொகுப்பில் போட்டார்கள். வெளியார் உரிமக் கட்டணம் செலுத்தி மெஷின் செய்யலாம் என்றானது. 1877-ல் கடைசிக் காப்புரிமை காலாவதியாகும்வரை அந்தத் தொகுப்பு இருந்தது. உங்கள் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது என்பதற்காக மறுநாளே உற்பத்தியைத் தொடங்கிவிடாதீர்கள். அதற்கு அடியில் இன்னொருவரின் உயிருள்ள காப்புரிமை இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

பால்பாயின்ட் பேனாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோல் மேல் கோடு போடுவதற்காக ஜான் லவுட் 1888-லேயே உருளும் குண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அரை நூற்றாண்டு அது பேனாவாகவில்லை. மை நீர்த்திருந்தால் குண்டைச் சுற்றிக் கசிந்தது, கெட்டியாக இருந்தால் அடைத்தது. லாஸ்லோ பிரோ 1938-ல் சாதித்தது மையையும் குண்டின் இருக்கையையும் ஒன்றுக்கொன்று பொருத்தியதுதான். உதவியவர் வேதியியல் தெரிந்த சகோதரர். அதாவது குண்டு பழைய செய்தி, சில மைக்ரான் இடைவெளிக்கு ஏற்ற பிசுபிசுப்பு புதிய செய்தி. ரீஃபிலில் மை இருந்தும் எழுதவில்லை என்றால், குண்டு காய்ந்திருக்கிறது (ரப்பர் மேல் உருட்டினால் சரியாகும்), அல்லது மேல்நோக்கிப் பிடித்து எழுதியதில் குண்டுக்குப் பின்னால் காற்று போய்விட்டது. எண்ணெய்ப் பசையுள்ள காகிதத்தில் குண்டு உருளாமல் வழுக்கும். ரீஃபிலின் பின் முனை அடைபட்டிருந்தாலும் மை இறங்காது. தீர்ந்த மையின் இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும்.

ஸ்குரூவிலும் இதே கதைதான். தலையில் சதுரக் குழி வைக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த யோசனை. குளிர்ந்த நிலையில் குத்தினால் தலை பிளந்துகொண்டது. கனடாவின் பீட்டர் ராபர்ட்சன் 1909-ல் காப்புரிமை பெற்ற குழிக்குச் சுவர்கள் இலேசாக உள்நோக்கிச் சரிந்திருக்கும், அடி கூம்பாக முடியும். அந்தச் சரிவால் உலோகம் கிழியாமல் ஒதுங்கியது. நாம் ஸ்டார் ஸ்குரூ என்று சொல்வது ஹென்றி ஃபிலிப்ஸின் பெயரில் 1936-ல் வந்த காப்புரிமைகளின் வாரிசு. குழி நடுவை நோக்கிக் குறுகுவதால் டிரைவர் தானாக மையத்தில் உட்காரும். தொழிற்சாலையில் மோட்டார் டிரைவருக்கு அது பெரிய வரம். அதே சரிவுதான், முறுக்கு கூடினால் டிரைவரை வெளியே தள்ளுகிறது. ஆகவே கழற்றும்போது சுற்றும் விசையைவிட அழுத்தும் விசைக்கு முன்னுரிமை கொடுங்கள். முனையின் அளவு சரியாக இருக்கட்டும், பி.எச்.2 (பி.எச். என்பது ஸ்டார் முனையின் அளவுக் குறி) தேவைப்படும் தலையில் பி.எச்.1 போட்டால் நுனி மட்டும் பிடித்துக் குழியைச் சுரண்டிவிடும். சிலுவைக்கு நடுவில் குறுக்காக நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரைவ். அதன் சுவர்கள் கிட்டத்தட்ட செங்குத்து. ஸ்டார் டிரைவர் அதில் நுழையும், ஆனால் முழுக்க உட்காராது, தலையைக் கெடுக்கும்.

இனி ஆவணத்தைப் படிப்பது. முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்களுக்குப் போங்கள்; மற்றவர் நுழையக் கூடாத எல்லையை, அதாவது சட்டப்படியான வேலியை, போடுவது அங்கேதான். ஒன்றாவது கோரலை உறுப்பு உறுப்பாக உடைத்து, ஒரு வரிக்கு ஓர் உறுப்பு என எழுதுங்கள். ஒரு கவ்வியை எடுத்துக்கொள்வோம்: "ஒரு அடித்தளம்; அதில் திருகாணியால் பொருத்திய கை; கையை மூடிய நிலைக்கு இழுக்கும் சுருள் ஸ்பிரிங்; கையின் முனையில் கழற்றக்கூடிய ரப்பர் உறை, இவற்றைக் கொண்ட கவ்வி." நான்கு வரி. இன்னொருவர் இந்த நான்கையும் வைத்து ஐந்தாவதாக ஒரு விளக்கைச் சேர்த்தாலும் அது மீறல்தான். சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் காந்தம் வைத்தால் சொல்லுக்குச் சொல் மீறல் இல்லை. ஆனால் அதே வேலையை அதே விதத்தில் செய்யும் மாற்று என்று பல நாடுகளின் நீதிமன்றங்கள் பிடிக்கக்கூடும். ரப்பர் உறையையே எடுத்துவிட்டால் பெரும்பாலும் வேலிக்கு வெளியே. கோரலில் சொற்கள் கூடக் கூட வேலி சுருங்குகிறது என்பதை மனதில் வையுங்கள். நீளமான கோரலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, பயப்பட வேண்டியது குட்டையான கோரலைத்தான்.

"கொண்ட", "உள்ளடக்கிய" என்ற பொருளில் வரும் சொல் திறந்த வேலி. "மட்டுமே அடங்கிய" என்று வந்தால் மூடிய வேலி. ஐரோப்பிய ஆவணங்களில் கோரலின் நடுவே "இதன் சிறப்பியல்பு யாதெனில்" என்ற தொடர் வரும். அதற்கு முன்னால் இருப்பது ஏற்கெனவே உள்ளது, பின்னால் வருவதுதான் புதியது. அந்தத் தொடரைக் கண்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு பின்னணிப் பகுதிக்கு வந்து, எந்தப் பழுதைக் குறை சொல்கிறார் என்று பாருங்கள். கடைசியாகப் படங்கள், ஒரு எண் எல்லாப் படத்திலும் ஒரே உறுப்பைத்தான் குறிக்கும் என்பதால், எண்களுக்கு நேரே பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுமை என்றால் உலகத்துக்கே புதியதாக இருக்க வேண்டும். ஜான் டன்லப் 1888-ல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே அதைச் செய்துவிட்டார் என்பது தெரியவந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. டன்லப்புக்குத் தாம்சனைத் தெரியாது என்பது கணக்கில் வரவில்லை. நிறுவனத்தைக் காப்பாற்றியவை டயரை விளிம்பில் பிடிக்கவைக்கும் காப்புரிமைகள். அவற்றில் ஒன்று சார்ல்ஸ் வெல்ச்சின் 1890-ஆம் ஆண்டுக் கம்பி விளிம்பு. டன்லப்பின் டயரைச் சக்கரத்தில் ஒட்டிச் சுற்றியிருந்தார்கள், பஞ்சரானால் பிரிப்பதே பெரும்பாடு. வெல்ச் டயரின் ஓரத்தில் நீளாத கம்பியைப் புதைத்து, சக்கர விளிம்பின் நடுவே பள்ளம் வைத்தார். சைக்கிள் டயரை மாட்டும்போது கடைசி ஒரு சாண் ஏற மறுத்தால் நெம்புகோலைத் தேடாதீர்கள். எதிர்ப்பக்கத்து ஓரத்தைச் சுற்றிலும் கிள்ளி அந்த நடுப் பள்ளத்தில் இறக்குங்கள். அங்கே சுற்றளவு குறைவு, அதனால் கிடைக்கும் தளர்வில் இந்தப் பக்கம் கட்டைவிரலாலேயே ஏறிவிடும். வால்வு இருக்கும் இடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. வால்வின் அடிப்பகுதி டயர் ஓரத்தைப் பள்ளத்தில் இறங்கவிடாது.

வேலியைச் சுற்றிப் போவதற்கும் வரலாற்றில் அழகான எடுத்துக்காட்டு உண்டு. நீராவி எஞ்சினில் வளைதண்டைப் பயன்படுத்த ஜேம்ஸ் பிக்கார்ட் 1780-ல் காப்புரிமை பெற்றுவிட்டார். ஜேம்ஸ் வாட் மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக்க வேறு வழி தேடினார். ஒரு பல்சக்கரத்தை இன்னொன்று சுற்றிவரும் சூரியன்-கோள் அமைப்புக்கு 1781-ல் காப்புரிமை பெற்றார். அதை உருவாக்கியவர் அவரிடம் வேலை செய்த வில்லியம் முர்டாக் என்பார்கள். இரண்டு சக்கரங்களும் ஒரே அளவாக இருந்தால், எஞ்சினின் ஒரு முழு அசைவுக்குத் தண்டு இரண்டு சுற்று சுற்றும். பிக்கார்டின் காப்புரிமை தீர்ந்தபின் எளிய வளைதண்டே நிலைத்தது.

உங்களிடமே ஒரு கண்டுபிடிப்பு இருந்தால் இதைக் கேளுங்கள். விண்ணப்பிப்பதற்கு முன் அதை வெளியே காட்டாதீர்கள்; கண்காட்சி, காணொளி, விற்பனை எல்லாமே வெளிப்படுத்தல்தான். அமெரிக்கா, ஜப்பான் போன்ற சில நாடுகள் 12 மாதம் சலுகை தரும். ஐரோப்பாவில் அப்படி நம்பி இருக்க முடியாது. ஒரு நாட்டில் முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் அதே நாளின் முன்னுரிமையைக் கோரலாம், அதாவது அந்த முதல் நாளையே கணக்கில் எடுக்கச் சொல்லலாம். பாதுகாப்பு பொதுவாக விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு, அதுவும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவந்தால். மாதிரி செய்து அது உடையும்வரை ஓட்டுங்கள். எத்தனையாவது சுற்றில், எந்த உறுப்பு, எந்தப் பக்கம் தேய்ந்தது என்று குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பில்தான் உங்கள் முதல் கோரலின் கடைசி வரி இருக்கிறது. விளக்கத்தில் அளவுகளை வீச்சாகக் கொடுங்கள்: "இடைவெளி 0.3 முதல் 0.8 மில்லிமீட்டர், சிறப்பாக 0.5". விண்ணப்பித்த பிறகு புதுச் செய்தி எதையும் உள்ளே சேர்க்க முடியாது. எழுதாமல் விட்டது விட்டதுதான்.

தேடும்போது சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ஜிப்பை ஒருவர் "பிரியக்கூடிய இணைப்பான்" என்பார், இன்னொருவர் "நகரும் பூட்டி" என்பார். பன்னாட்டு வகைப்பாட்டுக் குறியீட்டால் தேடுங்கள்: ஜிப் வகை ஏ44பி 19, பால்பாயின்ட் பி43கே 7, தையல் டி05பி, ஸ்குரூவும் இணைப்புகளும் எஃப்16பி. பொருந்தும் ஓர் ஆவணம் கிடைத்ததும் அது மேற்கோள் காட்டும் பழையவற்றுக்கும், அதை மேற்கோள் காட்டும் புதியவற்றுக்கும் போங்கள். இரண்டு திசையிலும் மூன்று படி நடந்தால், உங்கள் பொருளின் எந்தப் பழுதை யார் யார் எப்படித் தீர்க்கப் பார்த்தார்கள் என்பது வரிசையாகக் கண்முன் வந்துவிடும். காலாவதியானவற்றில் உள்ளதை நீங்கள் அப்படியே எடுத்துச் செய்யலாம்.